பாப்பரசரால் இயலாத ஒன்று

1805-ஆம் ஆண்டு மே மாதத்தில், பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயத்தில் பாப்பரசரின் கண்ணெதிரே தன் கையாலேயே முடியெடுத்துச் சூடிக்கொண்டு ஆறு மாதம் நிறைவதற்குள் இத்தாலியின் அரசுரிமையையும் ஏற்றுக்கொண்ட நெப்போலியன், அந்தப் பாப்பரசராகிய ஏழாம் பத்திநாதருக்கு ஒரு கடிதம் எழுதினான். சக்கரவர்த்தியின் கடைசித் தம்பியான ஜெரோம், பத்தொன்பது வயதில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு பெருவணிகரின் மகளை மணந்துகொண்டுவிட்டான்; அவள் கத்தோலிக்கப் பெண் அல்லள், புரொட்டஸ்டண்டு மதத்தினள்; வயது நிரம்பாத பிள்ளை தாயின் சம்மதமின்றிச் செய்துகொண்ட அந்த விவாகம் பிரெஞ்சுச் சட்டத்தின்படி செல்லாது என்று முன்னமே பிரகடனம் ஆகிவிட்டது; ஆயினும் திருச்சபையின் வாயாலும் அவ்வண்ணமே ஒரு தீர்ப்பு வெளிவரவேண்டும் என்பது கடிதத்தின் சாரம். சக்கரவர்த்திக்கு இத்தனை அருகில் ஒரு புரொட்டஸ்டண்டுப் பெண் இருப்பது பிரான்சுக்கு உகந்ததன்று என்று மதாபிமானத்தையும் அதில் சேர்த்துக்கொண்டான். மணம் செய்துவைத்தவர் தம் கடமையை மறந்துபோன யாரோ ஒரு ஸ்பானியப் பாதிரியார் என்றும் எழுதினான். அது உண்மையன்று. 1803 டிசம்பர் 24-ஆம் தேதி எலிசபெத் பாட்டர்சன் என்னும் அந்தப் பெண்ணுக்கும் ஜெரோமுக்கும் விவாகத்தை நடத்திவைத்தவர், ஐக்கிய அமெரிக்காவின் முதற் கத்தோலிக்க மேற்றிராணியாரான ஜான் கரோல்.

ஏழாம் பத்திநாதர் அன்றிருந்த நிலையை எண்ணிப் பார்த்தால், இந்த வேண்டுகோளை நிறைவேற்றிக் கொடுப்பதைவிட எளிய காரியம் அவருக்கு வேறொன்றும் இருந்திருக்க முடியாது. புரட்சியின் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த பிரெஞ்சுத் திருச்சபையை 1801-ஆம் ஆண்டின் உடன்படிக்கையினால் கரையேற்றியவன் நெப்போலியன். அவன் விரும்பினான் என்பதற்காகவே முதிய பாப்பரசர் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து முடிசூட்டு விழாவுக்குப் போய் வந்திருந்தார். ரோமாபுரியும் அதைச் சூழ்ந்த அவருடைய இராச்சியமும் பிரெஞ்சுச் சேனையின் தயவில் நின்றன. மறுபுறத்திலோ, கடலுக்கப்பால் பிறந்த, பிரஸ்பிட்டேரியன் குடும்பத்துப் பெண்ணொருத்தி. அவளுக்காகப் பரிந்து பேச ரோமாபுரியில் ஒரு நாதியும் இல்லை. அவள் அப்போது நிறைகர்ப்பிணி. ஐரோப்பாவின் எந்தத் துறைமுகத்திலும் அவளை இறங்கவிடக் கூடாது என்று சக்கரவர்த்தியின் ஆணை இருந்தபடியால், லிஸ்பனிலும் ஹாலந்துக் கரையிலும் இறங்க அனுமதி மறுக்கப்பட்டு, இங்கிலாந்தை அடைந்து, ஜூலை மாதம் 7-ஆம் தேதி லண்டனை அடுத்த கேம்பர்வெல்லில் ஓர் ஆண்மகவைப் பெற்றாள்.

அந்த மகவு பிறப்பதற்குச் சற்று முன்னர்தான், ஜூன் மாதத்தில், பாப்பரசரின் பதில் நெப்போலியனுக்குச் சென்றது. அந்தப் பதிலின் சிறப்பு அதன் துணிச்சலில் மட்டும் இல்லை. வழக்கறிஞர் ஒருவர் தம் கட்சிக்காரருக்கு அனுகூலமான வழி எங்கேனும் உண்டா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பதுபோன்ற பொறுமையோடு அது எழுதப்பட்டிருந்தது. மதவேறுபாடு காரணமாகுமா என்று பார்த்தார். ஞானஸ்நானம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே நடக்கும் விவாகத்தைத்தான் அந்த விக்கினம் அடியோடு செல்லாததாக்குமேயன்றி, கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டாருக்கும் இடையிலான விவாகத்தைத் திருச்சபை வெறுத்தாலும், தடுத்தாலும், நடந்துவிட்டால் அது விவாகமே என்று கண்டார். பெற்றோரின் சம்மதம் இல்லாமை காரணமாகுமா என்று பார்த்தார். அத்தகைய விவாகங்கள் செல்லாதவை என்று சாதிப்போரைத் திரெந்து பொதுச்சங்கமே கண்டித்திருந்தது. எஞ்சியிருந்தது ஒரு வழி. பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத மணம் மணமாகாது என்று 1563-இல் அதே சங்கம் விதித்த விதி, எந்த ஊரில் முறைப்படி பிரசித்தம் செய்யப்பட்டதோ அந்த ஊரில் மட்டுமே கட்டுப்படுத்தும். பால்டிமோரில் அது பிரசித்தமானதற்கான சான்று எங்கும் அகப்படவில்லை. ஆகவே, இந்த விவாகத்தைச் செல்லாதென்று கூறும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும், இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் கொண்டு செயற்பட்டால் கடவுளின் திருமுன் தாம் குற்றவாளியாவதாகவும் அவர் எழுதி முடித்தார்.

பின்னர் நடந்தது உலகம் அறிந்ததே. பாப்பரசர் மறுத்ததை 1806-இல் பாரிஸ் மறைமாவட்ட நியாயஸ்தலம் பணிவோடு செய்து கொடுத்தது. மறு ஆண்டில் ஜெரோம், வெஸ்ட்ஃபாலியாவின் அரசனாக, வூர்ட்டெம்பர்க் இளவரசி கத்தரீனாவை மணந்தான். புரொட்டஸ்டண்டுப் பெண் அருகில் இருப்பது பிரான்சுக்கு ஆகாது என்ற தமையனின் கவலை அந்த நாளில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கத்தரீனாவும் புரொட்டஸ்டண்டு மதத்தினளே. வணிகர் மகளின் மதம் உறுத்தியது, அரசர் மகளின் மதம் உறுத்தவில்லை. எலிசபெத்தோ பால்டிமோருக்குத் திரும்பி, தொண்ணூற்று நான்கு வயதுவரை வாழ்ந்து, 1879-இல் காலமானாள். அவளுடைய பேரன் சார்லஸ் போனபார்ட் பிற்காலத்தில் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக விளங்கினான் என்பதை இவ்விடத்தில் சொல்லி மேலே செல்லலாம்.

விவாகம் செல்லாமை பற்றிய கத்தோலிக்கப் போதனையை விளக்க முற்படுவோர் பலரும் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியிடமிருந்து தொடங்குவது வழக்கம். நான் பால்டிமோரிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஹென்றியின் வழக்கில் கணவனும் மனைவியும் கத்தோலிக்கர். எதிர்த்து நின்ற மனைவி கேத்தரீனின் பின்னே ஸ்பெயின் தேசமும் ஐந்தாம் சார்லஸின் சேனையும் நின்றன. ஆகவே ஏழாம் கிளமெண்டு பாப்பரசர் மறுத்தது நீதிக்கு அஞ்சியா, சேனைக்கு அஞ்சியா என்ற வினா சரித்திரத்தில் தீராது. எலிசபெத் பாட்டர்சனின் வழக்கில் அந்த ஐயத்துக்கே இடமில்லை. கத்தோலிக்கரல்லாத துணைவரின் நிலையில்தான் இந்தச் சட்டத்தின் மெய்யான இயல்பு தெரியவரும் என்பது என் எண்ணம். ஏனெனில், தன் மக்களுக்கு அனுகூலமாக வளைந்து கொடுப்பதற்கு ஒரு சபைக்கு எங்கேனும் ஆசை எழுமானால், அது பிறர் சபையைச் சேர்ந்தவரின் உரிமையை எடைபோடும்போதுதான் எழும்.

அந்த இயல்பு இன்னதென்று சுருங்கச் சொல்வது கடினமன்று. விவாகத்தைத் திருச்சபை உண்டாக்குவதில்லை. மணமகனும் மணமகளும் தத்தம் சுயாதீனமான சம்மதத்தினால் உண்டாக்குகின்றனர், குருவானவர் திருச்சபையின் பெயரால் அதைக் கேட்டு ஏற்கும் சாட்சியாக நிற்கிறார். உண்டாக்காத ஒன்றை உடைக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஞானஸ்நானம் பெற்ற இருவரிடையே முறைப்படி நிகழ்ந்து, தாம்பத்திய சங்கமத்தால் நிறைவெய்திய விவாகத்தை மரணமேயன்றி எந்த மானிட சக்தியும் அவிழ்க்க இயலாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1141-ஆம் விதியில் கூறுகிறது. மானிட சக்தி என்பதில் பாப்பரசரும் அடங்குவார். ஆகவே திருச்சபையின் நீதிபதி கேட்பதெல்லாம் ஒரே ஒரு வினா: அன்று, அந்தப் பீடத்தின் முன்னே, விவாகம் என்ற ஒன்று உண்மையில் உண்டாயிற்றா? கிரயப் பத்திரத்தின்மீது வழக்கு வரும்போது, எழுதிக் கையொப்பமிட்ட நாளில் விற்றவனுக்கு உரிமையும் சுயபுத்தியும் இருந்தனவா என்று பார்ப்பார்களேயன்றி, வாங்கியவன் பிற்பாடு தோட்டத்தைப் பாழாக்கினானா என்று யாரும் பார்ப்பதில்லை. அச்சுறுத்தலால் பெற்ற சம்மதம், வஞ்சனையால் பெற்ற சம்மதம், பிள்ளைப்பேற்றையோ பிரமாணிக்கத்தையோ மனத்துக்குள் விலக்கி வைத்துக்கொண்டு வாயளவில் உரைத்த சம்மதம், விவாகத்தின் கடமைகளை நிதானித்து அறியும் பக்குவமே இல்லாதவரின் சம்மதம் ஆகியவை அந்த நாளிலேயே குறையுள்ளவை. பின்னால் வந்த கசப்பும் துரோகமும் குடியும் அடிதடியும், அந்த முதல் நாளின் குறைக்குச் சான்றாக நிற்கும் அளவில்தான் வழக்கில் இடம்பெறும்.

நெப்போலியனே தன் சொந்த விவாகத்தில் செல்லாமை என்னும் இந்த வாசலை எப்படிப் பயன்படுத்தினான் என்பது ஒரு தனிச் சுவையுள்ள வரலாறு. ஜோசபீனோடு அவனுக்கு 1796-இல் நடந்தது அரசுப் பதிவு மட்டுமே. முடிசூட்டு விழாவுக்கு முந்திய தினத்தில் அவள் இதைப் பாப்பரசரிடம் வெளியிட்டுவிட, திருச்சபை முறையில் மணமாகாதவரைத் தாம் அபிஷேகம் செய்ய இயலாதென்று அவர் சொல்ல, கர்தினால் ஃபெஷ் அரண்மனைக்குள்ளேயே இரகசியமாக ஒரு சடங்கை நடத்திவைத்தார். 1810-இல், ஆஸ்திரிய இளவரசி மேரி லூயிசாவை மணக்கவேண்டி வந்தபோது, பங்குக்குருவும் சாட்சிகளும் இல்லாமையால் அந்த இரகசியச் சடங்கு செல்லாது என்று பாரிஸ் நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது; பால்டிமோர் பெண்ணைக் காப்பாற்றிய அதே திரெந்து விதியே ஜோசபீனைக் கைவிட்டது. பாப்பரசர் அப்போது நெப்போலியனின் கைதியாகச் சவோனாவில் இருந்தார். புதிய விவாகத்தின் திருச்சடங்குக்கு வர மறுத்த பதின்மூன்று கர்தினால்கள் தம் செந்நிற அங்கியை அணியும் உரிமையை இழந்தனர். சட்டத்தின் எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் அதைக் கையாளும் கரம் எத்தகையது என்பதும் ஒரு பொருட்டுத்தான் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

இதுகாறும் சொன்னதில், கத்தோலிக்கரல்லாதவரின் விவாகத்தைத் திருச்சபை மதிக்கிறது என்பது பெருமைக்குரிய செய்தியாகவே தோன்றும். ஆனால் அதே மதிப்பு, வேறொரு சந்தர்ப்பத்தில், அவர் தலையில் சுமையாக இறங்குகிறது. இரண்டும் ஒரே தத்துவத்தின் விளைவு என்பதைப் பலர் உணர்வதில்லை. லூத்தரன் சபையைச் சேர்ந்த ஒருவர், தம் சபையைச் சேர்ந்த பெண்ணையே இளமையில் மணந்து, சில ஆண்டுகளில் பிரிந்து, நாட்டின் நீதிமன்றத்தில் விவாகரத்தும் பெற்று, பின்னர் ஒரு கத்தோலிக்கப் பெண்ணை மணக்க விரும்பிப் பங்குக்குருவை அணுகுகிறார் என்று கொள்வோம். குருவானவர் கேட்கும் முதற்கேள்வி அவரைத் திகைக்கச் செய்யும். ஞானஸ்நானம் பெற்ற இருவர் விவாகம் செய்துகொண்டால், அவர்கள் எந்தச் சபையினராயினும், அது தேவதிரவிய அனுமானம் (திருவருட்சாதனம்) என்று தாங்கள் நம்பாவிட்டாலும், அது அனுமானமே என்பது ரோமாபுரியின் போதனை. ஆகவே அந்த முதல் விவாகம் இன்றும் நிலைநிற்பதாகவே கொள்ளப்படும். ஐயம் எழுந்தால் விவாகத்தின் பக்கமே சட்டம் சாயும் என்பது 1060-ஆம் விதி. தம் வாழ்நாளில் ரோமாபுரியின் அதிகாரத்தை ஒருகணமும் ஏற்காத அந்த மனிதர், தம் பழைய வாழ்வின் அந்தரங்கங்களைக் கத்தோலிக்க நியாயஸ்தலத்தில் எடுத்துரைத்து, முதல் மனைவிக்கும் அறிவிப்பு அனுப்பப்பட்டு, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, தீர்ப்பு அனுகூலமாக வரும்வரை காத்திருக்க வேண்டும். என் விவாகம் எங்கள் சபைக்கும் எனக்கும் உரிய விஷயம், உங்களுக்கு இதில் என்ன வேலை என்று அவர் கேட்டால், அந்தக் கோபம் நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எலிசபெத் பாட்டர்சனின் விவாகத்தைக் காப்பாற்றிய கொள்கையும் இதுவே. அது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்தெடுக்க வழியில்லை.

இதைவிடக் கசப்பான முரண் ஒன்று உண்டு. மேலே சொன்ன லூத்தரன் தம் ஆலயத்தில், தம் போதகர் முன்னிலையில், முழுமனத்தோடு மணந்தவர். அவர் விவாகத்தை அசைக்க முழு விசாரணை வேண்டும். கத்தோலிக்கராகப் பிறந்த ஒருவரோ, பங்குக்குருவைத் தேடாமல், மேற்றிராணியாரின் விலக்கும் பெறாமல், பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டு மணந்து, பத்தாண்டு வாழ்ந்து, பிறகு பிரிந்தால், திருச்சபை விதித்த முறை அனுசரிக்கப்படவில்லை என்பதற்கான சில ஆவணங்களே போதும். அவர் மறுபடியும் பீடத்தின் முன் நிற்கலாம். தன் சபையின் சட்டத்தை அசட்டை செய்தவனுக்கு வழி அகலமாகவும், தன் மனச்சாட்சியின்படி நடந்த அந்நியனுக்கு வழி குறுகலாகவும் அமைந்துவிட்டது. திரெந்து சங்கத்துப் பிதாக்கள் அந்த விதியை இயற்றியது, இரகசியமாக வாக்குக் கொடுத்துப் பின்னர் மறுத்துவிடும் ஆடவரிடமிருந்து பெண்களைக் காக்கும் பொருட்டே என்பது உண்மை. அந்தக் காப்பு இன்று யாரைக் காக்கிறது என்று திருச்சபைச் சட்ட வல்லுநர்களே விவாதித்து வருகின்றனர். என்னளவில், கத்தோலிக்கச் சட்டத்தின் மிகப் பலவீனமான மூலை இதுதான்.

அடுத்து, கத்தோலிக்கரல்லாதவர் மனுதாரராக அன்றி எதிர்த்தரப்பாக நிற்கும் நிலை. ராபர்ட் கென்னடியின் மூத்த மகனும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான ஜோசப் கென்னடி, எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்த ஷீலா ராவ்ச் என்பவரை 1979-இல் கத்தோலிக்க முறைப்படி மணந்து, இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று, 1991-இல் விவாகரத்துச் செய்தார். பின்னர் மறுமணத்தைத் திருச்சபை ஏற்கும்பொருட்டு முதல் விவாகம் செல்லாதென்று பாஸ்டன் உயர்மறைமாவட்ட நியாயஸ்தலத்தில் அவர் வழக்காட, அந்த நியாயஸ்தலம் அவ்வாறே தீர்ப்பளித்தது. விவாகரத்தை எதிர்க்காத அந்த அம்மையார் இந்தத் தீர்ப்பை எதிர்த்தார். முறிந்த விவாகம் என்றால் ஒப்புக்கொள்வேன்; ஒருநாளும் இருந்ததில்லை என்றால் ஒப்பமாட்டேன் என்பது அவருடைய நிலை. 1997-இல் இதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். ரோமாபுரியின் ரோட்டா நியாயஸ்தலத்துக்கு மேல்முறையீடு சென்று, 2005-இல் பாஸ்டன் தீர்ப்பு தள்ளப்பட்டு, விவாகம் செல்லும் என்று முடிவாயிற்று. செய்தி வெளியுலகுக்குத் தெரிந்தது 2007-இல். விவாகத்தின் அழியாமையைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையை, கத்தோலிக்கக் கணவருக்கு எதிராக, கத்தோலிக்கரல்லாத மனைவி ரோமாபுரியில் நிலைநாட்டினார்.

அந்த வழக்கின் நடுவே நின்றது, 1095-ஆம் விதி. விவாகத்தின் உரிமை கடமைகளைப் பற்றி நிதானித்து முடிவுசெய்யும் ஆற்றல் மிகக் குன்றியவரும், மனோதத்துவக் காரணங்களால் அந்தக் கடமைகளை ஏற்கவே இயலாதவரும் செல்லத்தக்க விவாகம் செய்ய முடியாது என்று அது கூறும். நியாயமான விதியே. ஆயினும் இருபது வயதில் மணப்பவர்களில் எவர்தான் முழு நிதானத்தோடு மணக்கிறார் என்று கேட்கத் தொடங்கினால், உலகத்தில் செல்லத்தக்க விவாகம் எத்தனை எஞ்சும்? இரண்டாம் அருள் சின்னப்பர் 1987-இல் ரோட்டா நீதிபதிகளுக்கு நிகழ்த்திய உரையில், இயலாமை வேறு, கடினம் வேறு என்றும், இயலாமை ஒன்றே விவாகத்தைச் செல்லாததாக்கும் என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை எல்லா மறைமாவட்டங்களிலும் ஒரே அழுத்தத்தோடு கேட்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. செல்லாதென்று தீர்ப்பாகும் விவாகத்தில் பிறந்த பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆகிவிடுவார்களோ என்ற அச்சம் கத்தோலிக்கரல்லாத பெற்றோரிடம் அடிக்கடி காணப்படுவது. அது வீண் அச்சம். ஒருவரேனும் நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால் பிள்ளைகளின் உரிமைக்கு யாதொரு குறைவும் இல்லையென்பதை 1137-ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. ஆனால் சட்டத்தில் குறைவில்லை என்பதும், தன் தாய் தந்தையர் மெய்யாக மணந்தவர்கள் அல்லர் என்று ஒரு பிள்ளை கேட்கும்போது மனத்தில் எழும் குறைவும் ஒன்றல்ல.

அவசரத் தீர்ப்புகளைத் தடுக்கும்பொருட்டு, 1741-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருந்தார்: விவாக பந்தத்தின் சார்பில் வாதிடவென்றே ஒரு காவலர் ஒவ்வொரு வழக்கிலும் நியமிக்கப்பட வேண்டும், செல்லாதென்ற தீர்ப்பு இரு நியாயஸ்தலங்களில் ஒத்து வந்தாலன்றி மறுமணம் கூடாது. முதல் ஏற்பாடு இன்றும் உள்ளது. இரண்டாவதை 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் நீக்கிவிட்டார். இப்போது ஒரு தீர்ப்பே போதும், காரணம் வெளிப்படையாக இருந்து இருவரும் ஒத்துவந்தால் மேற்றிராணியாரே சுருக்க விசாரணையில் முடிவுசெய்யலாம், செலவும் இயன்றவரை இல்லாமலாக வேண்டும். ஏழைகளுக்கும் கல்வியறிவற்றோருக்கும் இது பெரிய நன்மை. ஒத்துவராத எதிர்த்தரப்பினர் முன்னிலும் விழிப்பாக இருக்க வேண்டியதும் இதனால் உண்டாயிற்று. செல்லாமையை நிரூபிக்க இயலாமல் மறுமணம் செய்துகொண்டவர்களின் நற்கருணை உரிமை பற்றி 1981-இல் வந்த மடலும் 2016-இல் வந்த மடலும் எழுப்பிய விவாதம் தனிக்கட்டுரைக்கு உரியது. அதை இங்கே விரிக்கவில்லை.

இனி, ஞானஸ்நானமே பெறாதவரோடு நடந்த விவாகம். இங்கே போதனையின் திசையே மாறுகிறது. அத்தகைய விவாகமும் மெய்யான விவாகந்தான், இயற்கைத் தர்மப்படி பரிசுத்தமானதுதான். ஆனால் அனுமானம் அல்லாமையால் அதன் உறுதி முழுமையானதன்று. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், அவிசுவாசியான துணை விட்டுப் பிரிந்துபோனால் விசுவாசி கட்டுண்டிருக்கவில்லை என்று கூறியதை ஆதாரமாகக் கொண்டு, இருவரும் ஞானஸ்நானமின்றி மணந்து, பின்னர் ஒருவர் ஞானஸ்நானம் பெற, மற்றவர் பிரிந்துபோனால், முன்னவர் மறுமணம் செய்யும் கணத்தில் பழைய பந்தம் அவிழ்கிறது என்பர்; இதுவே சின்னப்பரின் சலுகை. இது செல்லாமைத் தீர்ப்பு அன்று. இருந்த விவாகம் இங்கே அவிழ்க்கப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் இவ்வழி மேலும் விரிந்தது: 1537-இலும் 1571-இலும் வெளிவந்த பாப்பரசரின் சாசனங்கள் பல மனைவியரை உடையோர் மனந்திரும்பும்போது என்ன செய்வதென்று கூறின, 1585-இல் பதின்மூன்றாம் கிரகோரியார், அங்கோலா, எத்தியோப்பியா, பிரேசில் முதலிய தேசங்களிலிருந்து சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டு ஞானஸ்நானம் பெற்றவர்கள், தாய்நாட்டில் விட்டுவந்த துணையை விசாரிக்கவும் வழியில்லாத நிலையில் மறுமணம் செய்ய அனுமதித்தார். அடிமைப்பட்ட அந்த மனிதர்களுக்கு அது கருணையே. அவர்களுடைய குடும்பங்களைக் கிழித்தெறிந்த வணிகத்தின்மீது சொல்ல வேண்டியதை அந்தச் சாசனம் சொல்லாமல் விட்டதும் உண்மையே.

1924-இல் பதினோராம் பத்திநாதர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். மொன்டானா மாநிலத்தின் ஹெலீனா மறைமாவட்டத்தில், ஞானஸ்நானம் பெறாத ஒருவர் ஆங்கிலிக்கன் சபைப் பெண்ணை மணந்து பிரிந்து, ஒரு கத்தோலிக்கப் பெண்ணை மணக்க விரும்பினார். இருவரில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவராதலால் சின்னப்பரின் சலுகை பொருந்தாது. விசுவாசத்தின் நன்மையை முன்னிட்டுப் பாப்பரசர் தம் அதிகாரத்தால் அந்தப் பந்தத்தை அவிழ்த்தார். இன்று இத்தகைய மனுக்களுக்கென்று 2001-இல் வகுத்த நெறிகள் உள்ளன: குடும்பம் மீண்டும் ஒன்றுசேர வாய்ப்பிருக்கக் கூடாது, பிரிவுக்கு மனுதாரரே முழுமையாகவோ பெரும்பாலுமோ காரணமாயிருக்கக் கூடாது, புதிய துணைவர் கத்தோலிக்கரல்லாதவரானால், கத்தோலிக்கத் துணைவரின் மதாசாரத்துக்கும் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் தடைசெய்வதில்லை என்று வாக்களிக்க வேண்டும். பால்டிமோர்ப் பெண்ணின் பொருட்டுத் தமக்கு அதிகாரமில்லை என்று ஒரு பாப்பரசர் எழுதியதற்கும், மற்றொருவர் மொன்டானாவில் தம் அதிகாரத்தைச் செலுத்தியதற்கும் இடையே தர்க்கமுரண் இல்லை. ஒன்று இரு கிறிஸ்தவரின் விவாகம், மற்றது அன்று. தர்க்கம் குறைவற நிற்கிறது. ஆயினும், ஓர் இந்துக் குடும்பத்தில் நாற்பது ஆண்டு ஒருவருக்கொருவர் துணையாய் வாழ்ந்த இருவரின் பிணைப்பு, ஞானஸ்நானம் பெற்று நாலு மாதத்தில் கலைந்துபோன இருவரின் பிணைப்பைவிட உறுதி குறைந்தது என்று கேட்கும்போது, தர்க்கத்தை ஒப்புக்கொண்ட பின்னும் நெஞ்சு உடன்பட மறுக்கிறது.

இந்தியாவுக்கு இந்த விஷயம் புதிதன்று. கிறிஸ்தவரானதன் காரணமாகத் துணையால் கைவிடப்பட்டவருக்கு விடுதலை தருவதற்கென்று 1866-இல் ஆங்கில அரசு ஒரு சட்டமே இயற்றியது. ஆறு மாதம் தொடர்ந்து கைவிட்டிருக்க வேண்டும் என்று அது விதித்தது. கூடிவாழ மறுத்த துணையை நீதிபதி விசாரித்து, அப்போதும் மறுப்பே பதிலானால் ஓராண்டு வழக்கை ஒத்திவைக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கரான இந்தியர்கள் தங்கள் திருச்சபையின் முறைப்படி செய்யும் விவாகங்களை இந்தச் சட்டம் செல்லாததாக்காது என்று அதிலேயே ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டது. அவர்களுக்குச் சின்னப்பரின் நிருபமும் ரோமாபுரியின் விதிகளும் முன்னமே இருந்தன.

அந்த விதிகளில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மனந்திரும்பியவர் தம் விருப்பப்படி பழைய துணையைத் தள்ளிவிட முடியாது. ஞானஸ்நானம் பெறாத துணைவரிடம் முறைப்படி இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: தாமும் ஞானஸ்நானம் பெற விரும்புகிறாரா, அன்றேல், சிருஷ்டிகர்த்தாவை நிந்தியாமல் சமாதானமாகச் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறாரா. கனத்த காரணம் இருந்தால் மேற்றிராணியார் இந்தக் கேள்விகளிலிருந்து விலக்களிக்கலாம். மற்றபடி இவை கேட்கப்பட்டே தீரவேண்டும். ஞானஸ்நானத்துக்குப் பின் மனந்திரும்பியவரே பிரிவுக்குத் தக்க காரணம் கொடுத்திருந்தால் சலுகை கிட்டாது. கணவன் கத்தோலிக்கனான பின்னும் தன் வீட்டில், தன் தெய்வத்தை வணங்கிக்கொண்டு, அவனோடு சமாதானமாக வாழத் தயார் என்று இந்து மனைவி ஒருத்தி இரண்டாம் கேள்விக்குப் பதிலுரைத்து, அவ்வாறே வாழவும் செய்தால், சின்னப்பரின் சலுகையைக் கொண்டு அவன் வேறு விவாகம் செய்துகொள்ள இயலாது.